ஒரு தடவைதான் சொல்வார்கள்

கேள்வி: பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துவிட்டு ஐந்து வருடமாக ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் வேலை பார்க்கிறேன். இங்கிலாந்து போவதற்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை இரண்டு முறை எழுதினேன். படிப்பது, எழுதுவது, பேசுவது என்ற மூன்று பகுதியிலும் தேவையான மதிப்பெண் வந்துவிட்டது. ஆடியோவைக் கேட்டு விடை எழுதும் லிஸனிங்கில் மட்டும் இரண்டு முறையும் 6.5. தினமும் இங்கிலீஷ் படம் பார்க்கிறேன். மாதிரித் தேர்வு ஆடியோவை நாலைந்து தடவை போட்டுக் கேட்கிறேன். அப்போதெல்லாம் புரிகிறது, தேர்வில் கோட்டை விடுகிறேன். என் காதில்தான் கோளாறா சார்?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: காதில் ஒரு கோளாறும் இல்லை மக்ளே. (நான் நாஞ்சில் நாட்டுக்காரன். இப்படிக் கூப்பிட்டால்தான் எனக்குப் பேச்சு வரும்.) முதலில் கணக்கைப் பார்ப்போம். மொத்தம் 40 கேள்வி. ஏறத்தாழ 30 சரியாக இருந்தால் 7. 26 முதல் 29 வரை என்றால் 6.5. இங்கிலாந்தின் நர்சிங் கவுன்சிலான என்.எம்.சி. லிஸனிங்கில் கேட்பது 7. ஆக, உங்களுக்குக் குறைவது ஒன்றிலிருந்து நாலு விடை. அந்த நாலும் எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்று பார்க்காமல் இன்னும் நாற்பது படம் பார்த்தும் பிரயோஜனம் இல்லை.

படம் பார்க்கும்போது கீழே எழுத்து ஓடுகிறதா? ஓடினால் நீங்கள் படிக்கிறீர்கள், கேட்கவில்லை. ஆடியோவை நாலைந்து தடவை போடுவது அதைவிட மோசம். தேர்வில் ஒரே தடவைதான் ஓடும். ‘போனால் போகுது, அடுத்த தடவை பிடிச்சுக்கலாம்’ என்று காதுக்கு நீங்களே சோம்பல் கற்றுக்கொடுக்கிறீர்கள்.

நானும் பட்டவன்தான். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த புதிதில், நாமும் ஒருமுறை எழுதிப் பார்ப்போமே என்று பணம் கட்டி உட்கார்ந்தேன். முப்பது வருடம் பள்ளியில் இங்கிலீஷ் நடத்தியவன் என்ற மிதப்பு வேறு. முதல் பகுதியிலேயே முகவரிக்கு ஒரு அஞ்சல் குறியீடு வந்தது. நம்மூர் பின்கோடு போல ஆறும் எண்ணாக இருக்கும் என்று பேனாவைப் பிடித்திருந்தேன். இங்கிலாந்துக் குறியீட்டில் எழுத்தும் எண்ணும் கலந்து வரும். ஒரு எழுத்து விட்டுப்போனது. அது என்னவாக இருக்கும் என்று யோசித்து முடிப்பதற்குள் அடுத்த இரண்டு விடையும் போய்விட்டது. முதல் விடை போனது காதால், அடுத்த இரண்டும் போனது ரோஷத்தால். விட்டதை விட்டுவிட்டு அடுத்த கேள்வியில் கண்ணை வைக்க அன்றைக்குத்தான் கற்றேன்.

பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும் இடத்திலும் நம் ஆட்கள் விழுவார்கள். நாம் ‘ஆர்’ என்று நாக்கை உருட்டிச் சொல்லும் எழுத்தை லண்டன்காரர் வெறும் ‘ஆ’ என்று முடித்துவிடுவார். என் திண்ணையில் படிக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த இடத்தில் ‘ஏ’ போடுவார்கள். ஆஸ்திரேலியர் பேசினால் இன்னொரு கூத்து: அவர் சொல்லும் ‘ஏ’ நம் காதில் ‘ஐ’ மாதிரி விழும். இதற்குப் படம் உதவாது. எழுத்துக் கூட்டுவதை மட்டும் தனியாக, வேறு வேறு நாட்டார் குரலில் கேட்டு எழுதிப் பழக வேண்டும்.

அப்புறம், சொல்லின் வாலில் வரும் ‘ஸ்’. நீங்கள் வார்டில் ‘ரெண்டு மாத்திரை கொடுத்தாச்சு’ என்றுதானே சொல்வீர்கள்? ‘மாத்திரைகள்’ என்று யாரும் சொல்வதில்லை. தமிழில் எண்ணைச் சொன்ன பிறகு ‘கள்’ அவ்வளவு முக்கியமில்லை; அதனால் நம் காது அந்த வாலைத் தேடுவதே இல்லை. தேர்வில் பன்மை தேவைப்படும் இடத்தில் ஒருமை எழுதினால் விடை தப்பு. உங்களுடைய நாலில் இரண்டு இங்கேதான் போகிறது என்று நான் பந்தயம் கட்டுவேன்.

பதினைந்தா ஐம்பதா என்ற குழப்பம் ஐ.சி.யு. நர்ஸுக்குப் புதிதல்ல. இரவு இரண்டு மணிக்கு டாக்டர் போனில் மருந்து அளவு சொன்னால் எழுதிக்கொண்டு திரும்ப வாசித்துக் காட்டுவீர்கள், ‘ஒன் ஃபைவ்’தானே என்று கேட்டுக்கொள்வீர்கள். தேர்வில் திரும்பக் கேட்க ஆளில்லை. ஃபிஃப்டீனில் அழுத்தம் பெரும்பாலும் கடைசியில் விழும், ‘டீன்’ நீளும். ஃபிஃப்டியில் அழுத்தம் முன்னால், வால் குட்டை. அதைப் பிடியுங்கள். சில இடத்தில் வேண்டுமென்றே செவ்வாய்க்கிழமை என்று சொல்லவைத்து, ‘ஐயோ அன்றைக்கு முடியாது, வியாழன் வாருங்கள்’ என்று மாற்றுவார்கள். முதலில் கேட்டதை எழுதிவிட்டுப் பேனாவை வைப்பவர் மாட்டிக்கொள்வார்.

சரி, இனி என்ன செய்யலாம்? பி.பி.சி. லேர்னிங் இங்கிலீஷ் தளத்தில் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ என்று ஒரு நிகழ்ச்சி உண்டு, இலவசம். பேசியது முழுக்க எழுத்திலும் கிடைக்கும். ஏதாவது இரண்டு நிமிடத்தை ஒரே தடவை ஓடவிட்டு, காதில் விழுந்த முக்கியச் சொற்களை எழுதுங்கள். பிறகு எழுத்துப் பிரதியோடு ஒப்பிடுங்கள். விட்ட ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் காரணம் எழுத வேண்டும்: சொல்லே தெரியாதா, சொல் தெரிந்தும் அதன் ஓசை தெரியாதா, காதில் விழுந்தும் கை தப்பாக எழுதியதா. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. காரணம் எழுதிய பிறகு அந்த இடத்தை மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேளுங்கள், தப்பில்லை. நைட் டியூட்டி முடிந்து வந்த காலையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். தூங்குங்கள்.

மருத்துவத் துறையினருக்கென்றே இருக்கும் ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வுக்கு மாறலாமா என்றும் உங்களுக்குத் தோன்றியிருக்கும். என்.எம்.சி. அதையும் ஏற்கிறது, லிஸனிங்கில் ‘பி’ கிரேடு வேண்டும். நோயாளியும் மருத்துவப் பணியாளரும் பேசுவதைக் கேட்டுக் குறிப்பெடுக்கும் பகுதி உங்களுக்குப் பழக்கப்பட்ட களம். ஆனால் அங்கும் ஆடியோ ஒரு தடவைதான். இரண்டு மாதம் நோட்டில் காரணம் எழுதிவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: லிஸனிங் விடையை இங்கிலாந்து ஸ்பெல்லிங்கில் எழுதுவதா, அமெரிக்க ஸ்பெல்லிங்கிலா? முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் மார்க் குறைப்பார்களா?
– ஒரு மாணவர், தூத்துக்குடி

பதில்: இரண்டு ஸ்பெல்லிங்கும் செல்லும் தம்பி. பெரிய எழுத்தும் செல்லும். தாளில் எழுதுபவர்களை நான் பெரிய எழுத்திலேயே எழுதச் சொல்வேன். கிறுக்கலாக எழுதி, இது ‘ஏ’யா ‘ஓ’வா என்று திருத்துகிறவரைத் திண்டாட விட வேண்டாம். ‘இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது’ என்று போட்டிருந்தால் மட்டும் மூன்றாவது சொல்லைச் சேர்க்காதீர்கள், விடை அடிபடும். தாளில் எழுதினால் கடைசியில் விடைகளைப் பெயர்த்தெழுத 10 நிமிடம் தருவார்கள். கணினியில் அது கிடையாது, சரிபார்க்க 2 நிமிடம்தான். அதனால் கணினி என்றால் கேட்கக் கேட்கவே டைப் செய்துவிடுங்கள்.