அடுப்படி கேள்வி பதில்: விண்வெளிக் குச்சி

கேள்வி: அப்பல்லோ காலத்து ‘ஸ்பேஸ் ஃபூட் ஸ்டிக்ஸ்’ ஏன் மறைந்தது? அதுபோல வீட்டில் செய்தால் கல்லாக இறுகிவிடுகிறதே?
– வாசகி, நுவரெலியா

பதில்: 1962இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கார்பென்டருக்கு பில்ஸ்பரி என்ற உணவு நிறுவனம் கொடுத்தனுப்பிய உணவுக் கட்டிகள் விண்கலத்துக்குள் தூளாகி மிதந்தன. உதிராமல் மெல்லக்கூடிய குச்சி பிறகு வந்தது. சந்திரப் பயண மோகத்தில் விற்றது. 1972இல் அப்பல்லோ 17 திரும்பியதோடு மோகமும் தணிந்தது. முதலில் பெயரிலிருந்து ‘ஸ்பேஸ்’ போனது, பிறகு பண்டமே போனது. பெயருக்காக வாங்கியவர்கள்தான் அதிகம் என்பேன்.

இனி உங்கள் அடுப்புக்கு வருவோம். கித்துள் பாணியை (கித்துள் பனையின் இனிப்புப் பாகு) 115 பாகை செல்சியஸ் வரை காய்ச்சியிருப்பீர்கள். அது கடலோரக் கணக்கு. நுவரெலியா உயரத்தில் தண்ணீரே ஏறக்குறைய 94 பாகையில் கொதித்துவிடும், 109இல் இறக்கிவிடுங்கள். தாண்டினால் நீர் வற்றி இறுகும். வெப்பமானி இல்லையா? பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். விரலிடையே மெத்தென்று உருள வேண்டும். 100 கிராம் பாணிக்கு வறுத்து அரைத்த கச்சான் (நிலக்கடலை) 100 கிராம், பால்மா 50 கிராம். சூடு ஆறுமுன் உருட்டி, ஒவ்வொன்றையும் ஒயில் பேப்பரில் இறுக்கிச் சுற்றுங்கள். பனிமூட்ட நாளில் திறந்து வைத்தால் மறுநாளே பிசுபிசுக்கும்.