திரைக்கு வெளியே கணினிப் பட்டதாரிகளுக்கு என்ன வேலை? – கேள்வி பதில்

ஒன்பது ஆண்டுகள் மென்பொருள் எழுதிவிட்டு, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளை நிறுவும் பணிக்கு மாறியவன் நான். வேலை மாற்றத்தைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, கணினி அறிவியல் படித்தவருக்குத் திரையே பார்க்க வேண்டாத வேலை கிடைக்குமா?

பதில்: அப்படிப்பட்ட வேலை மிக அரிது. தொலைத்தொடர்புக் கோபுரம் ஏறிப் பழுது பார்ப்பவர்கூட மாலையில் அறிக்கையைக் கைப்பேசியில்தான் பதிகிறார். ஆகவே, ஒரு வேலையைப் பற்றி விசாரிக்கும்போது, நாளில் எத்தனை மணி நேரம் திரை முன் கழியும், மீதி நேரத்தில் கைகளுக்கு என்ன வேலை என்று கேளுங்கள். என் பணியிலும் நிரல் எழுதும் வாரங்கள் உண்டு. ஆனால், இயந்திரங்களை ஓட்டிப் பார்க்கும் கட்டம் வந்துவிட்டால் பெரும்பாலான நேரம் நின்றுகொண்டும் நடந்துகொண்டும்தான் இருக்கிறேன்.

கேள்வி: அது மின்பொறியியல் படித்தவர்களின் துறை அல்லவா? அங்கே நம் படிப்பு எதற்கு உதவும்?

பதில்: நான் முதலில் பயந்ததும் இதற்குத்தான். மின்சாரப் பாதுகாப்பையும் வயரிங்கையும் புதிதாகத்தான் கற்க வேண்டும். உரிமம் இல்லாமல் செய்யக்கூடாத வேலைகளும் உண்டு. ஆனால், 1960-களின் இறுதியில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பலகைகளுக்கு மாற்றாக வந்த பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவியின் உள்ளே நடப்பது நமக்குப் பழகிய தர்க்கமே. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். தொட்டியின் நீர்மட்டத்தை அளக்கும் சென்சார், தொட்டி காலியானால் 4 மில்லி ஆம்பியரும், நிறைந்தால் 20 மில்லி ஆம்பியரும் அனுப்பும். 0 வந்தால் கம்பி அறுந்துவிட்டது என்று பொருள். நிரலில் ‘மதிப்பு பூஜ்யம்’ என்பதையும் ‘மதிப்பே இல்லை’ என்பதையும் பிரித்தறியப் பழகிய ஒருவருக்கு இதன் அருமை உடனே புரியும்.

பிழை தேடும் பழக்கம் அதைவிடப் பெரிய மூலதனம். ஓர் இரவு, பொருள்களை நகர்த்தும் நீண்ட கன்வேயர் பட்டை ஒன்று கிளம்ப மறுத்தது. அவசர நிறுத்தச் சுவிட்சுகள் 32, ஒரே தொடராக இணைக்கப்பட்டிருந்தன; அதில் எங்கோ ஓரிடத்தில் இணைப்பு விட்டுப்போயிருந்தது. உடனிருந்தவர் முதல் சுவிட்சிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்கினார். நான் நடுவில் போய், மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தேன். தொடரின் தொடக்கத்தில் கொடுக்கப்படும் 24 வோல்ட் அங்கேயும் இருந்ததால் முன்பாதியில் பழுதில்லை என்பது உறுதியாயிற்று. பிறகு பின்பாதியின் நடு, அதற்கடுத்து அதன் நடு என்று தேடியதில் ஐந்தாவது அளவீட்டில் இடம் தெரிந்துவிட்டது. அதிர்வில் தளர்ந்த ஒரு டெர்மினல் திருகுதான் காரணம். கல்லூரியின் முதல் ஆண்டில் படித்த பைனரி தேடல் அன்று என் கைக்கு வந்து சேர்ந்ததாகவே உணர்ந்தேன்.

கேள்வி: கண்ணெரிச்சலும் தலைவலியும் தாங்க முடியவில்லை. அதனால்தான் வேலையை விட நினைக்கிறேன்.

பதில்: முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள். திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்து கண் வறண்டு போகிறது. மூக்குக்கண்ணாடியின் பவர் சரியில்லாமலும் இருக்கலாம். சிகிச்சையில் தீரக்கூடிய துன்பத்துக்காகப் பிடித்த வேலையை இழந்துவிடாதீர்கள்.

கேள்வி: தரவு மையம், தகவலை ஒளியாகக் கடத்தும் கண்ணாடி இழை, மருத்துவக் கருவிகள் ஆகியவற்றில் எது பொருந்தும்?

பதில்: தரவு மையத்தில் சர்வர்களைத் தூக்கிப் பொருத்த வேண்டியிருக்கும், விசிறிகளின் இரைச்சல் ஓயாது, இரவு ஷிப்ட் பெரும்பாலும் தப்பாது. இழை இணைப்பு பொறுமைசாலிகளுக்கானது: நெடுந்தூர இழையில் ஒளி செல்லும் மையப்பகுதி ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர்தான் என்பதால், வெட்டிய முனையில் ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் அந்த இணைப்பை மறுபடி செய்ய நேரும். மருத்துவக் கருவிப் பராமரிப்புக்கு அந்தந்தக் கருவிக்கென்றே தனிப் பயிற்சி தேவை. எம்.ஆர்.ஐ. கருவிகளில் பெரும்பாலானவற்றின் காந்தம் படம் எடுக்காத நேரத்திலும் இயங்கிக்கொண்டே இருப்பதால், சாதாரண இரும்புத் திருப்புளியை அந்த அறைக்குள் கொண்டு செல்வதே ஆபத்து. என்னைக் கேட்டால், இழை இணைப்பிலிருந்து தொடங்குவது எளிது என்பேன்.

கேள்வி: கற்பித்தலில் ஆர்வம் உண்டு. ஆனால், அதுவும் திரை முன்தானே?

பதில்: அப்படி இருக்கத் தேவையில்லை. நியூசிலாந்தின் டிம் பெல்லும் அவருடைய சகாக்களும் 1990-களிலேயே கணினி இல்லாமல் கணினி அறிவியல் கற்பிக்கும் பயிற்சிகளை உருவாக்கினார்கள். தரையில் சாக்பீஸால் கோடுகளும் வட்டங்களும் வரைந்து, ஆளுக்கொரு எண்ணைக் கொடுத்து ஆறு பிள்ளைகளை நடக்க விடுவார்கள். வட்டத்தில் சந்திக்கும் இருவரில் சிறிய எண் இடப்பக்கமும் பெரிய எண் வலப்பக்கமும் போக, மறுமுனையில் அனைவரும் வரிசையாக வந்து நிற்பார்கள். அந்தக் கணத்தில் பிள்ளைகளின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பணிக்கு இன்னும் பலர் வர வேண்டும் என்பது என் மனமார்ந்த விருப்பம்.

கேள்வி: சம்பளம் குறையுமே, ஐயா?

பதில்: தொடக்கத்தில் பெரும்பாலும் குறையும். ஆறு மாதச் செலவுக்குச் சேமித்துக்கொண்டு, வேலையை விடுவதற்கு முன்பே, அந்தத் துறையில் இருக்கும் ஒருவரிடம் அனுமதி பெற்று விடுமுறையில் இரண்டு மூன்று நாட்கள் அவருடன் இருந்து பாருங்கள். அவற்றுள் ஒன்றாவது இரவுப் பணியாக இருக்கட்டும்.