உட்கார்ந்த இடத்தில் வாடகை

கேள்வி: பிள்ளைகள் இருவரும் வேலைக்காக வெளியூர் போய்விட்டார்கள். இரண்டு அறைகள் சும்மா கிடக்கின்றன. தனி வாசல் கிடையாது. வாடகைக்கு விட்டால் உட்கார்ந்த இடத்தில் வருமானம் என்கிறார்கள். நாள் வாடகையா, மாத வாடகையா, எது லாபம்?

பதில்: அறைகளை எண்ணிவிட்டீர்கள்; குளியலறையை எண்ணினீர்களா? ஒன்றுதான் என்றால், நீங்கள் சொல்லும் அந்த ‘உட்கார்ந்த இடம்’ குளியலறை வாசலாகத்தான் இருக்கும். 15 லிட்டர் கீசர் ஒருமுறை காலியானால், அதிலுள்ள 2,000 வாட் ஹீட்டிங் காயில் அடுத்த தண்ணீரைச் சூடாக்க 15 முதல் 20 நிமிடம் எடுக்கும். ஆளுக்குக் கால் மணி நேரம் என்று வைத்தாலும், நான்காவது ஆளுக்கு வெந்நீர் கிடைக்க ஒன்றரை மணி நேரம் தாண்டிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் ஓர் அறையை மட்டும், ஒருவருக்கு மட்டும் விடுங்கள். இரவு ஷிப்ட் பார்ப்பவர் கிடைத்தால் காலை நெரிசல் இருக்காது. ஆனால் நீங்கள் மிக்ஸி போடும் நேரத்தில்தான் அவர் கண்ணயர்ந்திருப்பார்.

தனி வாசல் இல்லாத வீட்டுக்கு மாத வாடகைதான். நாள் வாடகையை முப்பதால் பெருக்கிப் பார்த்து மயங்காதீர்கள். காலியாகக் கிடக்கும் இரவுகள், ஆள் பிடித்துத் தரும் இணையதளத்தின் கமிஷன், ஒவ்வொரு ஆளும் போனபின் கழுவுவது எல்லாவற்றையும் கழியுங்கள். ஒரு கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு வேண்டும்: கட்டிலில் ஒன்று, துவைப்பில் ஒன்று, அலமாரியில் ஒன்று. நள்ளிரவில் வருபவருக்குக் கதவு திறப்பதும் நீங்கள்தான். மாத வாடகையிலும் ஆண்டுக்குப் பத்து அல்லது பதினோரு மாதம் என்றே கணக்குப் போடுங்கள். ஒருவர் காலி செய்து அடுத்தவர் வரும்வரை அறை சம்பாதிக்காது.

பலரும் கோட்டை விடுவது மின்சாரத்தில். சாதாரண ஒன்றரை டன் ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் எட்டு, பத்து யூனிட் போய்விடும். அறைக்குச் சப்-மீட்டர் போட்டு, முதல் நாள் ரீடிங்கைப் போட்டோ எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு தீர்ந்துவிடாது. யூனிட் கூடக்கூட விலை ஏறும் கட்டண முறை என்றால், அவர் செலவழிக்கும் யூனிட் உங்கள் பில்லையும் மேல் படிக்குத் தள்ளும். சராசரி விலை போட்டு வாங்கினால் வித்தியாசம் உங்கள் தலையில். ஆள் வருவதற்கு முந்தைய பில்களை எடுத்துவைத்து, அந்த வித்தியாசத்தை வாடகை பேசும்போதே சேர்த்துவிடுங்கள். அறைக்குள் இண்டக்‌ஷன் அடுப்பு வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். 2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும். 6 ஆம்ப் சாக்கெட் முதலில் உருகும், பிறகு புகையும்.

அட்வான்ஸ் உங்கள் பணம் அல்ல. தனிக் கணக்கில் போடுங்கள். ‘கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள். ஒத்துக்கொண்டால் உடைந்த வாஷ்பேசினுக்குக் கழிக்க எதுவும் மிஞ்சாது. அது கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இரவு தங்கும் விருந்தாளி, சமையலறை நேரம், ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டு, காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதையும் எழுதுங்கள். ஃப்ரிட்ஜ் தட்டு என்றதும் சிரிக்காதீர்கள், சண்டை அங்கிருந்துதான் கிளம்புகிறது.

வீட்டுக் கடன் இருந்தால் வங்கியிடமும், அடுக்ககம் என்றால் சங்கத்திடமும் முதலில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் ஆள் வைத்தால், தீ விபத்துக்கு இழப்பீடு கேட்கும்போது அதையே காரணம் காட்டக்கூடும். வாடகை வருமானத்துக்கு வரி உண்டா என்றும் விசாரியுங்கள்.

அறைக்கதவின் பூட்டு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும். நெருப்பு பற்றினால் சாவி தேட நேரமிருக்காது. ஆள் மாறும்போது முழுப் பூட்டையும் மாற்ற வேண்டாம், சாவி நுழையும் உருளையை (சிலிண்டர்) மாற்றினால் போதும். மாற்றுச் சாவி உங்களிடம் இருக்கலாம், ஆனால் சொல்லாமல் உள்ளே போகக் கூடாது. அறைக்குள் கேமரா எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

இரண்டு குளியலறை இருந்தாலும் இரண்டாவது அறையை இப்போதைக்கு விடாதீர்கள். பிள்ளைகள் லீவுக்கு வந்தால் ஹாலில்தான் படுக்க வேண்டியிருக்கும்.