பழைய ராணுவச் சட்டையில் உள்ள சின்னங்களைக் கொண்டு அது யாருடையது என்று எப்படி அறிவது?

வேலூர் லாங்கு பஜார் நடைபாதையில் வாங்கிய பச்சைச் சட்டையின் தோளில் இரண்டு நட்சத்திரங்களும் கையில் துணிச்சின்னம் ஒன்றும் இருப்பதாகவும், கடைக்காரர் அதை மேஜர் சட்டை என்று சொல்லி விற்றதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கு வீடு படைவீரர் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே அழைக்கப்படும் கம்மவான்பேட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். என் தந்தையார் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சுபேதாராக ஓய்வு பெற்றவர். அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து பார்த்து வளர்ந்தவன் என்பதால் இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில், அது மேஜர் சட்டை அன்று. மேஜருக்குத் தோளில் நட்சத்திரம் கிடையாது. அசோகச் சிங்கம் மட்டுமே உண்டு. 1950க்கு முந்தைய சட்டையாக இருந்தால் சிங்கத்தின் இடத்தில் கிரீடம் இருக்கும். இனி அந்த இரண்டு நட்சத்திரங்களுக்குக் கீழே நாடா இருக்கிறதா என்று பாருங்கள். நாடா இல்லையென்றால் அணிந்தவர் லெப்டினன்ட். சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று கோடிட்ட நாடா இருந்தால் சுபேதார். சிவப்பும் நீலமுமான நாடா இருந்தால் அது காவல்துறை உதவி ஆய்வாளருடையது. ராணுவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. லெப்டினன்டாகப் பணியில் சேருகிற இளைஞர் முதல் நாளே அணிகிற அதே இரண்டு நட்சத்திரங்களை, சிப்பாயாகச் சேர்ந்த என் தந்தையார் 26 ஆண்டுகள் கழித்து அந்தச் சிவப்பு, மஞ்சள், சிவப்பு நாடாவோடு சேர்த்து அணிந்தார். ஆகவே நாடாவைக் கவனிக்காமல் நட்சத்திரத்தை மட்டும் எண்ணுவதை நான் ஏற்பதில்லை.

கையில் உள்ள சின்னத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். அது ரெஜிமெண்டின் சின்னம் அன்று. ரெஜிமெண்டின் ஒரு பிரிவான பட்டாலியன், பல பட்டாலியன்கள் சேர்ந்த பெரும்படையான டிவிஷன்களில் அப்போது எதன் கீழ் இருந்ததோ அதன் சின்னம். கறுப்புப் பூனை 17ஆவது டிவிஷனையும், சிவப்புக் கழுகு 4ஆவது டிவிஷனையும் குறிக்கும். பட்டாலியன் வேறு டிவிஷனுக்கு மாறினால் கையில் உள்ளதைப் பிரித்துவிட்டுப் புதியதைத் தைத்துக்கொள்வார்கள். எனவே கைச்சின்னம் அணிந்தவர் எந்த டிவிஷனோடு இருந்தார் என்பதைச் சொல்லுமே தவிர, எந்த ரெஜிமெண்டுக்காரர் என்பதைச் சொல்லாது. அதைத் தொப்பிச் சின்னத்திலும் தோள் எழுத்திலும் பொத்தானிலும் தேட வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் யானை இருக்கும். மராத்தியருக்கு எதிராக 1803இல் நடந்த அசாயே போரின் நினைவாக வந்த யானை அது. (தலையில் அணிவதை வீரர்கள் எவ்வளவு பெரிதாக எண்ணினார்கள் என்பதற்கு நம் வேலூர்க் கோட்டையே சாட்சி, 1806 ஜூலையில் இங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்குத் தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையும் ஒரு காரணம்.)

வெளிநாட்டிலிருந்து மூட்டையாக வருகிற சட்டைகளுக்குக் கணக்கு வேறு. அமெரிக்கத் தரைப்படையில் இடக்கையில் இருப்பது பணியாற்றும் பிரிவின் சின்னம். வலக்கையில் இருப்பது முன்பு போர்க்களத்தில் உடனிருந்த பிரிவினுடையது. இரண்டு கைகளிலும் சிறிய ஜெர்மன் கொடி இருந்தால் அது ஜெர்மன் ராணுவச் சட்டை.

சின்னம் சட்டையோடு பிறந்ததா, விற்பதற்காகப் பிறகு தைக்கப்பட்டதா என்பதை அறியக் கையை உட்புறமாகத் திருப்பிப் பாருங்கள். என் தந்தையாரின் ஒரு சட்டையில் சின்னம் இருந்த இடம் சதுரமாக, வெயில் படாத கரும்பச்சையாக நிற்கிறது. அதைச் சுற்றிலும் ஊசித் துளைகள் இரண்டு வரிசையாக ஓடுகின்றன. ஒரு வரிசை அகலமான பழைய சின்னத்துக்கு உரியது, மற்றொன்று அதற்குப் பிறகு வந்ததற்கு உரியது. துணி வெளுத்திருக்க, நூல் மட்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தால் ஐயம் கொள்ளுங்கள்.

சட்டையை வைத்திருப்பதில் தவறில்லை. ஆனால் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அணிவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆவது பிரிவின்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கடைசியாகக் காலரின் உட்புறத்தையும் பார்த்துவிடுங்கள். சலவையில் மாறிப்போகாமல் இருக்க வீரர்கள் தங்கள் படைப்பணி எண்ணை மையால் எழுதி வைப்பதுண்டு. அப்படி ஓர் எண் தெரிந்தால் அதை இணையத்தில் படமாகப் போடாமல், சட்டையோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குச் சென்று கேளுங்கள். அந்தக் குடும்பம் குடியாத்தத்திலோ அணைக்கட்டிலோ அந்தச் சட்டையைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.