தங்க வட்டத்தில் ஒரு பகல்: வாசகர் கேள்வி பதில்

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து காலையில் கிளம்பி, திங்வெல்லிர் பிளவுப் பள்ளத்தாக்கு, கெய்சிர் வெந்நீர் ஊற்றுகள், குல்ஃபோஸ் அருவி ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு அன்று மாலையே திரும்பும் சுற்றுவழிக்குத் 'தங்க வட்டம்' என்று பெயர். இந்த வழியில் தனி வண்டியும் வழிகாட்டியும் அமர்த்திக்கொண்டு செல்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் போகிறோம். சுற்றுலாப் பேருந்தில் ஆளுக்கோர் இருக்கை எடுத்தால் போதும் என்கிறார் மருமகன். தனி வண்டிதான் வேண்டும் என்கிறாள் மகள். பார்க்கப்போவது அதே மூன்று இடங்கள் என்றால், கூடுதலாக ஏன் கொடுக்க வேண்டும்?

பதில்: மருமகனின் கணக்கில் பிழையில்லை. ஆனால் பேருந்தில் கட்டணம் தலைக்கு. தனிச் சுற்றுலாவில் பெரும்பாலும் வண்டிக்கு. இருவராகப் போகிறவர்களை மலைக்கவைக்கும் வித்தியாசம் ஐவராகப் பிரித்துக்கொள்ளும்போது வெகுவாகச் சுருங்கிவிடுகிறது என்பதை அவரிடம் முதலில் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது நேரத்தின்மீதான உரிமை மட்டுமே. சாலையும் அருவியும் எல்லோருக்கும் பொதுவானவை. பேருந்துகள் காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் கிளம்பி, பெரும்பாலும் ஒரே வரிசையில் ஒவ்வோர் இடத்தையும் அடைவதால், முன்பகலில் திங்வெல்லிரிலும் நண்பகலுக்குப் பின் குல்ஃபோஸிலும் நெரிசல் ஏற்படுகிறது. தனி வண்டியில் செல்கிறவர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி அருவியிலிருந்து தொடங்கலாம். அல்லது மற்றவர்கள் சிற்றுண்டி உண்ணும் நேரத்திலேயே கிளம்பிவிடலாம். கோடையில் போகிறீர்கள் என்றால் இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. ஜூன் மாதப் பின்பாதியில் ரெய்க்யவிக்கில் சூரியன் மறைய நள்ளிரவாகிவிடும் என்பதால், பிற்பகல் மூன்று மணிக்குக் கிளம்பினாலும் மூன்று இடங்களையும் வெளிச்சத்திலேயே, அதுவும் பேருந்துகள் திரும்பிய பிறகு கிடைக்கும் அமைதியில் பார்க்கலாம். பலரும் இதைக் கேட்பதே இல்லை. தனி வண்டி எடுத்துவிட்டு, பேருந்து கிளம்பும் அதே ஒன்பது மணிக்குக் கிளம்பி, பேருந்துக்குப் பின்னாலேயே ஊர்ந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருக்கும்.

மாறாக, மூன்று இடத்திலும் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடுவதுதான் உங்கள் வழக்கம் என்றால், மருமகன் சொல்வதையே கேளுங்கள், பேருந்து போதும்.

கேள்வி: வழிகாட்டியை இணையத்தில் பார்த்துத்தான் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. நம்பகமானவரா என்று எப்படி அறிவது? முன்கூட்டியே எவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்?

பதில்: ஐஸ்லாந்தில் ஒரு நாள் சுற்றுலாக்களை விற்கும் நிறுவனங்கள் அந்நாட்டுச் சுற்றுலா வாரியத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்த உரிமம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். உரிமம் உள்ளவர் தயங்காமல் பதில் சொல்வார்.

அடுத்து, வண்டியை ஓட்டுபவரே வழிகாட்டியா, அல்லது இருவர் வருவார்களா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஐஸ்லாந்தில் பெரும்பாலும் ஒருவரே இரண்டு வேலையையும் செய்கிறார். அதில் குறையொன்றுமில்லை, ஆனால் உங்களை இறக்கிவிட்டு வண்டிக்குள்ளேயே அமர்ந்திருப்பாரா, இறங்கி உடன் நடந்துவந்து விளக்குவாரா என்பது வேறு கேள்வி, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் போன ஒரு பயணத்தில், நாள் முழுவதும் சாலையில் இருக்கும்போது மட்டும் சரளமாகப் பேசி, இடம் வந்ததும் "நாற்பது நிமிடத்தில் வந்துவிடுங்கள்" என்று சொல்லி இருக்கையைச் சாய்த்துக்கொண்ட ஒருவரிடம் நான் மாட்டிக்கொண்டதுண்டு.

பயண நேரம் எத்தனை மணி, அது தாண்டினால் கூடுதல் கட்டணம் உண்டா, வாகன நிறுத்தக் கட்டணங்கள் தொகையில் அடங்குமா, வானிலை கெட்டு ரத்தானால் பணம் திரும்புமா, ரத்து செய்யும் முடிவு யாருடையது என்பவையும் எழுத்தில் வர வேண்டும். குழந்தைகள் இருந்தால் உயரத்தையும் எடையையும் முன்பே தெரிவியுங்கள். 135 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு உரிய பாதுகாப்பு இருக்கை அங்கே சட்டப்படி கட்டாயம்.

கேள்வி: திங்வெல்லிரில் ஒரு காலை அமெரிக்காவிலும் மறு காலை ஐரோப்பாவிலும் வைத்து நிற்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். உண்மையா?

பதில்: படம் எடுத்துக்கொள்ள நல்ல வாசகம், நிலவியலாக அது நிற்காது. பூமியின் மேற்பரப்பு பல பெரும் பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது; அவற்றுள் வட அமெரிக்கப் புவித்தட்டும் யுரேசியப் புவித்தட்டும் ஐஸ்லாந்தின் ஊடாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வீதம் விலகிக்கொண்டிருப்பது உண்மை. இப்படி விலகும் எல்லையில், அட்லாண்டிக் கடலடியில் மலைத்தொடராக ஓடும் நடுப்பெருங்கடல் முகடு நீர்மட்டத்துக்கு மேலே எழுந்து, கால் நனையாமல் நடந்து பார்க்கக்கூடியதாக இருப்பது இந்தத் தீவின் தனிச்சிறப்பு. ஆனால் அந்த எல்லை ஒரு கோடு போட்டதுபோல் இருப்பதில்லை. பல கிலோமீட்டர் அகலத்துக்கு நிலம் இழுபட்டு, வெடித்து, நடுப்பகுதி தாழ்ந்துபோயிருக்கிறது. அந்தத் தாழ்வுதான் பள்ளத்தாக்கு. மேற்குப் பக்கத்தில் அல்மன்னகியாவ் என்னும் நெடும்பிளவின் கரிய எரிமலைப் பாறைச் சுவர் வட அமெரிக்கத் தட்டின் விளிம்பாகச் சுட்டப்படுகிறது. கிழக்கு விளிம்பு அங்கிருந்து வெகுதூரம் தள்ளி இருப்பதால், இரண்டையும் தொட்டு நிற்க யாருடைய காலுக்கும் நீளம் போதாது. இடையில் தெரியும் சிறு பிளவுகள் எல்லாம் இந்த இழுவையால் தரையில் விழுந்த விரிசல்கள். சில்ஃப்ரா என்னும் நீர் நிறைந்த பிளவும் அவற்றுள் ஒன்றே. லாங்யோகுட்ல் பனிப்பாறையின் உருகுநீர் எரிமலைப் பாறைகளின் நுண்துளைகள் வழியே பல பத்தாண்டுகள் கசிந்து வடிகட்டப்பட்டு அங்கே வந்து சேர்வதால், அந்நீரில் நூறு மீட்டர் தூரம்வரைகூடக் கண்ணுக்குத் தெரியும். ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கும் அந்நீரில் மூழ்கிப் பார்க்க நீர்புகாத உடையும் நீச்சல் பயிற்சியும் தேவை. அது அரைநாளை விழுங்கிவிடும் என்பதால் இந்தப் பயணத்தோடு சேர்க்காமல் இருப்பது நல்லது.

நல்ல வழிகாட்டியை அடையாளம் காண இந்தக் கேள்வியையே அவரிடம் கேட்டுப் பாருங்கள். விளம்பர வாசகத்தைத் திருப்பிச் சொல்பவரைவிட, அகலமான பிளவு வலயம் என்று விளக்கிவிட்டு, 930ஆம் ஆண்டில் இதே கருஞ்சுவரின் அடியில்தான் ஆல்திங் என்னும் மக்கள் மன்றம் கூடத் தொடங்கியது என்று அடுத்த செய்திக்குச் செல்பவர் கெட்டிக்காரர். 1798 வரை அந்த மன்றம் அங்கே கூடியது; 1944 ஜூன் 17 அன்று ஐஸ்லாந்து தன்னைக் குடியரசாக அறிவித்துக்கொண்டதும் அங்கேதான். 2004இல் திங்வெல்லிர் உலகப் பாரம்பரியக் களங்களின் பட்டியலில் சேர்ந்தது.

கேள்வி: என் தந்தைக்கு 74 வயது. நடப்பார், ஏறுவது கடினம். அவரை அழைத்துச் செல்லலாமா?

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லலாம். தனி வண்டியின் உண்மையான பயன் இவரைப் போன்றவர்களுக்குத்தான். திங்வெல்லிரில் மேட்டின்மேல் உள்ள ஹாக்கித் காட்சித்தளத்தில் இறக்கிவிடச் சொல்லுங்கள். அங்கிருந்து பிளவுச் சுவர்களுக்கு இடையே செல்லும் பாதை கீழ்நோக்கியே சரிந்து போகும். நீங்கள் மெதுவாக இறங்கி வருவதற்குள் வழிகாட்டியோ ஓட்டுநரோ வண்டியைக் கீழே உள்ள நிறுத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், ஏற்றமே இல்லாமல் முடிந்துவிடும். ஒருவரே இரண்டு வேலையும் செய்கிறார் என்றால் அவர் உங்களோடு நடக்க முடியாது. விளக்கத்தை மேட்டிலேயே நின்று கேட்டுக்கொண்டு பிறகு இறங்குங்கள்.

குல்ஃபோஸிலும் மேலும் கீழுமாக இரண்டு வாகன நிறுத்தங்கள் உள்ளன. அவற்றை இணைக்கும் மரப்படிக்கட்டுதான் பெரியவர்களைத் திணறவைக்கும். முதலில் மேல்தளத்தில் நின்று அருவி முழுவதையும் பார்த்துவிட்டு, வண்டியிலேயே கீழ்நிறுத்தத்துக்கு வந்தால் படிக்கட்டு மிச்சமாகும். கெய்சிரில் பாதை ஏறக்குறைய சமதளம். உங்கள் தந்தையின் நிலையைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்; அன்று காலையில் சொன்னால் வழிகாட்டி தலையாட்டுவார், திட்டம் மாறாது.

கேள்வி: கெய்சிரில் ஊற்று எப்போது பீறிடும் என்று வழிகாட்டியால் முன்கூட்டியே சொல்ல முடியுமா? எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

பதில்: நிமிடக் கணக்கில் சொல்ல முடியாது. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கெய்சிர் என்ற பெயருடைய பெரிய ஊற்று இப்போது அபூர்வமாகவே எழுகிறது. உலக மொழிகள் பலவும் இத்தகைய ஊற்றுகளுக்கு அதன் பெயரையே எடுத்துக்கொண்டன. நீங்கள் பார்க்கப்போவது அதன் அருகே உள்ள ஸ்ட்ரோக்கூர் என்னும் ஊற்றை. ஏறத்தாழ ஆறு முதல் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை, பெரும்பாலும் 15 முதல் 20 மீட்டர் உயரத்துக்கு அது பீறிடும்.

ஊற்றுக்குழாயின் ஆழத்தில் உள்ள நீர், மேலிருக்கும் நீரின் அழுத்தத்தால், நூறு டிகிரியைத் தாண்டிச் சூடேறியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கிறது. எங்கோ சில ஆவிக்குமிழிகள் எழுந்து மேல்நீரைச் சற்றுத் தள்ளிவிட்டதும் அழுத்தம் குறைகிறது. குறைந்த கணத்தில் அடியிலுள்ள நீர் ஒருசேர ஆவியாகி, மேலுள்ளதை எல்லாம் வானுக்கு எறிகிறது. ஜெர்மன் வேதியியலாளர் ராபர்ட் பன்சன் 1846இல் இங்கு வந்து ஆராய்ந்து இந்த இயக்கத்தை விளக்கினார். பார்க்கிறவருக்கு இதில் ஒரு பயன் உண்டு: பீறிடுவதற்குச் சற்று முன், நீர்ப்பரப்பு நீலக் குவிமாடம்போல் உப்பி எழும். கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அந்த ஒரு நொடியைத் தவறவிடுகிறார்கள். முதல் தடவை படம் எடுங்கள், இரண்டாவது தடவை வெறுங்கண்ணால் பாருங்கள், மூன்றாவது தடவை நீர் ஊற்றுக்குழிக்குள் திரும்ப வடிவதைப் பாருங்கள்; அதற்கு அரைமணி நேரம் போதும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள். கயிற்றுத் தடுப்பைத் தாண்டவே கூடாது. ஓடிவரும் மெல்லிய நீரோடையும் தோலைப் பொசுக்கும்.

கேள்வி: எங்களுக்கு டிசம்பரில்தான் விடுமுறை. அப்போது போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் பகல் மிகக் குறுகியது. டிசம்பர் 21ஐ ஒட்டி ரெய்க்யவிக்கில் சூரியன் காலை 11.20 வாக்கில் எழுந்து பிற்பகல் 3.30 வாக்கில் மறைந்துவிடும். முன்னும் பின்னும் உள்ள அந்தி வெளிச்சத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, இருட்டிலேயே கிளம்பி, வெளுக்கும் நேரத்தில் முதல் இடத்தில் இருக்க வேண்டும். எரிமலைக் குழியான கெரித், வெந்நீர்க் குளம் என்று துணை இடங்களைத் திட்டத்தில் அடுக்காதீர்கள். குளத்தை வேண்டுமானால் இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளலாம். குல்ஃபோஸில் அருவியை ஒட்டிய கீழ்ப்பாதை பனி உறைந்தால் மூடப்படும். காலணியில் மாட்டும் முள்பட்டைகளை வழிகாட்டி தருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாலை மூடப்பட்டால் பயணம் இல்லை. ஆகவே ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய நாளில் இதை வைக்க வேண்டாம், ஒரு நாளாவது கையிருப்பு வேண்டும். எந்தப் பருவத்திலும் வண்டிக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டே திறங்கள். அங்கே வீசும் காற்று கதவை முறுக்கிவிடும்.

கேள்வி: பயணம் முடிந்ததும் வழிகாட்டிக்கு அன்பளிப்புப் பணம் தர வேண்டுமா?

பதில்: ஐஸ்லாந்தில் அது வழக்கம் இல்லை. மனநிறைவோடு தந்தால் மறுக்கமாட்டார்கள். தராவிட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

கேள்வி: குல்ஃபோஸ் அருவியை ஒரு பெண் காப்பாற்றினார் என்று படித்தேன். வழிகாட்டிகள் சொல்லும் கதைதானா, உண்மையா?

பதில்: அருவியின் அருகில் பிராட்ஹோல்ட் என்னும் பண்ணையில் வாழ்ந்த சிக்ரிதூர் டோமஸ்டோட்டிர் (1871–1957) உண்மையில் வாழ்ந்தவர். மொத்தம் 32 மீட்டர், இரண்டு படியாக விழும் இந்த நீரைத் தேக்கி மின்சாரம் எடுக்கச் சிலர் குத்தகை உரிமை பெற்றபோது, அவர் அதை எதிர்த்துப் பல ஆண்டுகள் வழக்காடினார்; அதற்காக நெடுந்தொலைவிலுள்ள ரெய்க்யவிக்குக்குப் பலமுறை சென்றுவந்தார். அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் ஸ்வெய்ன் பியர்ன்சன், 1944இல் ஐஸ்லாந்தின் முதல் குடியரசுத் தலைவரானார். வழிகாட்டிகள் பலர் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு: வழக்கில் சிக்ரிதூர் வெல்லவில்லை. குத்தகைத் தொகை செலுத்தப்படாமல் போனதால் ஒப்பந்தம் பிற்பாடு தானாகவே முறிந்தது. அணை கட்டினால் அருவியில் குதித்துவிடுவேன் என்று அவர் மிரட்டியதாகச் சொல்வதைக் கதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அருவி 1979இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாயிற்று. சிக்ரிதூரின் முகம் பொறித்த நினைவுக்கல் அருவிக்கு அருகிலேயே நிற்கிறது. வண்டியைக் கிளப்பும் முன் அங்கே ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.