பீடி ஊர்க் குடும்பக் கணக்கு: கேள்வி பதில்

முக்கூடல், ஆழ்வார்குறிச்சிப் பக்கம் பீடி சுற்றும் வீடுகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. என் அம்மாவும் மடியில் தட்டு வைத்துச் சுற்றியவர்தான், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, பக்கத்துக் கிராமத்தில் அத்தைக்கு நூறு நாள் வேலை உண்டு, எங்களுக்கு ஏன் இல்லை?

உங்கள் ஊர் பேரூராட்சி, தம்பி. நூறு நாள் வேலைக்காக 2005 இல் வந்த சட்டம் கிராமப்புறத்துக்கு மட்டும் என்றே வந்தது. வயலும் குளமும் பீடியும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான், ஆனால் காகிதத்தில் நீங்கள் நகரம். இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன். 2022 இல் மாநில அரசு நகர்ப்புற வேலைத் திட்டத்தைச் சில பேரூராட்சிகளில் மட்டும் தொடங்கியது. உங்கள் ஊர் அதில் உண்டா என்று செயல் அலுவலரிடம் கேளுங்கள்.

அம்மா பதினைந்து வருஷமாக அடுத்த வீட்டு அக்கா பாஸில் சுற்றுகிறார். பிஎஃப் கிடைக்குமா?

பாஸ் என்பது பீடிக் கம்பெனி தரும் கணக்குப் புத்தகம், அது யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் பணம் ஏறும். பீடித் தொழிலுக்கு பிஎஃப் 1977 முதலே உண்டு, பத்து வருஷம் கணக்கில் இருந்தால் ஓய்வூதியமும் உண்டு. போன வருஷங்களை மீட்பது கஷ்டம், மனசுக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. இனிமேலாவது ஆதாரோடு பீடிக் கடைக்குப் போய்ச் சொந்தப் பெயரில் பாஸ் கேட்கச் சொல்லுங்கள், தனியாகப் போக வேண்டாம், இதே நிலையில் இருக்கும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போகட்டும். கடையில் தரும் இலை ஆயிரம் பீடிக்குப் பத்தாமல் கைக்காசில் இலை வாங்கிச் சேர்க்கிறார்கள் இல்லையா, அதையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள், கூலியில் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

குழுக் கடன் வசூலுக்கு வந்தவர் ராத்திரி எட்டு மணி வரை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

கூடாது. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது. எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது. அதனால் விண்ணப்பத்தில் வருமானத்தைக் கூட்டி எழுதச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், அங்கேதான் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

பிளஸ் டூ முடித்த மகளைப் பீடிக்கு உட்கார வைக்கலாமா?

வேண்டாம், அண்ணே. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். சேர்க்கை முடிவதற்குள் பள்ளிச் சான்றிதழ்களோடு கல்லூரிக்குப் போங்கள்.