கைகோத்த எமோஜியும் இதயம் வைத்த எமோஜியும்

தக்கலையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “தோழியுடன் திற்பரப்பு அருவிக்குப் போன என் மகள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இரண்டு பெண்கள் கைகோத்து நிற்கும் எமோஜியைப் போட்டிருந்தாள். ‘இதற்கு வேறு அர்த்தம்’ என்று மைனி போன் செய்தார். பெங்களூரில் இருக்கும் அண்ணன் மகன், தன் நண்பர்கள் இருவருக்கு வாழ்த்துச் சொல்லிப் போட்டதோ, என் பழைய போனில் ஆண், இதயம், ஆண் என்று தனித்தனியாகத் தெரிகிறது. எது எதைக் குறிக்கிறது?”

இவை இரண்டும் வெவ்வேறு. கைகோத்த இரு பெண்களும் இரு ஆண்களும், எழுத்துகளுக்கும் எமோஜிகளுக்கும் பொதுவான குறியெண் தரும் யூனிகோடின் 2010இல் வெளியான 6.0 பதிப்பிலேயே இடம்பெற்றவை. ஆண்கள் படத்துக்கான தேடுசொற்களில் இணை என்பதோடு இரட்டையர், மிதுன ராசி ஆகியவையும் உண்டு. 2012இல் ஐபோனுக்கு வந்த இப்படங்களை, வேறு படம் இல்லாத நிலையில், தன்பாலின இணையர் தங்களுக்குரியதாக எடுத்துக்கொண்டனர். ஆகவே நட்பு, உடன்பிறப்பு, காதல் ஆகிய மூன்றையும் அது தாங்கும். கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாக் கூட்டத்தில் கைகோத்து நடக்கும் நண்பர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை; அதே காட்சி போனில் வந்தால் மட்டும் ஏன் துருவுகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

இடையில் இதயம் உள்ளதும் முத்தமிடுவதும் அப்படியல்ல. அவை காதல் இணையரைக் குறிக்கவே உள்ளவை. இரு ஆண்கள், இரு பெண்கள் என்ற வடிவங்கள் 2015இல் ஐபோனுக்கு வந்தன. ஆண், இதயம், ஆண் ஆகிய மூன்று குறிகளுக்கிடையே, கண்ணுக்குத் தெரியாத ‘ஸீரோ விட்த் ஜாய்னர்’ என்னும் இணைப்புக்குறியை வைத்து அவை உருவாகின்றன. களியக்காவிளைப் பக்கம் கணினியில் மலையாளம் அடித்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. 2008இல் சில்லு எனப்படும், உயிரொலி சேராத மலையாள மெய்யெழுத்து வடிவங்களுக்குத் தனிக் குறியெண் கிடைக்கும்வரை அவற்றை எழுதவும் இதே குறிதான் உதவியது. இந்த இணைப்பை அறியாத பழைய மென்பொருள், உறுப்புகளைப் பிரித்துக் காட்டிவிடும். ஆண்ட்ராய்டு போன்களில் வாட்ஸ்அப் தன் சொந்த எமோஜிகளைக் காட்டுவதால், முதலில் அந்தச் செயலியைப் புதுப்பித்துப் பாருங்கள்.

ஒரே பாலினப் பெற்றோர் குழந்தையுடன் நிற்கும் படங்களும் இருந்தன. ஐபோனில் 2024 முதல் எல்லாக் குடும்பப் படங்களும் முகமற்ற நிழலுருக்களாகிவிட்டன. வானவில் கொடி 2016இல் வந்தது. அதை ஆதரவு தெரிவிப்பவரும் போடுவர் என்பதால், போட்டவரைப் பற்றி அது எதையும் உறுதியாகச் சொல்லாது.

தன்பாலின இணையருக்கு வாழ்த்துச் சொல்லும்போது, அவர்கள் தாங்களே இதயம் வைத்த படத்தைப் போடுகிறார்களானால் நீங்களும் தயங்காமல் போடலாம். இல்லையென்றால் கேக்கும் பூங்கொத்துமே போதும். இரு ஆண் நண்பர்களைக் கேலி செய்ய இதயம் வைத்த படத்தை அனுப்பும் வழக்கம் நம் கல்லூரிக் குழுக்களில் இருக்கிறது. இன்னொருவரின் வாழ்க்கையை வசைச்சொல்லாக்கும் அந்த விளையாட்டை நான் ஏற்கமாட்டேன். வயதுவந்தோரின் தன்பாலின உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்துவிட்டது. 2023இல் திருமண உரிமையை வழங்க மறுத்தது. சட்டம் இந்த அளவில் நிற்கையில், ஒருவர் தம் நெருங்கிய வட்டத்துக்கு மட்டும் காட்டிய ஸ்டேட்டஸை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஊர்க்குழுவில் போடுவதுதான் உண்மையில் தீங்கு செய்யும். வேலையும் வாடகை வீடும் அதனால் பறிபோகலாம்.

மைனிக்கு, கைகோத்த படத்தைத் தோழிகளும் போடுவார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். மகள் எந்தப் பொருளில் போட்டாள் என்பதை அவள் சார்பில் நீங்கள் உறுதி செய்ய வேண்டாம். அண்ணன் மகனின் நண்பர்களைப் பற்றியும் அவரிடம் விளக்க வேண்டியதில்லை.